இரண்டாம் நாள் உபயம்

அன்புள்ள மகனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. உன் நலத்தைக் கெடுத்தவனே அதை விசாரித்தால் உனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதை நூல் டிப்போவில் நின்றுகொண்டு படிக்காதே. அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து படி. வலது கண்ணில் புரை விழுந்ததிலிருந்து என் எழுத்து கோணல் மாணலாகப் போகிறது. யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லலாம்தான். இதை இன்னொருவர் கையால் எழுதவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

போன வாரம் உன் அத்தை பல் பிடுங்கச் சேலம் வந்தபோது அஸ்தம்பட்டியில் உன் அறைக்கு வந்தாள் அல்லவா? வாயில் பஞ்சை வைத்து, சாயங்காலம்வரை பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம். கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் மோகனூர்வரை குலுங்கி வந்து இறங்கியவள், நம் வாசலில் பஞ்சைத் துப்பிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். "ஏனுங்கண்ணா, பக்கத்து ஊட்டுல ஒரு டீச்சரம்மா இருக்குது. புருசன் செத்து நாலு வருசமாச்சாம். அஞ்சு வயசுல ஒரு பொட்டப்புள்ள. அந்தப் புள்ள நம்ம பையன் மடியில உக்காந்துதான் சோறு உங்குது. டீச்சரம்மா வாசப்படியில நின்னு அதையே பாக்குது. அந்தப் பார்வை எனக்குத் தெரியாதுங்களா? கட்டிக்கோ சாமின்னு சொன்னனுங்க. எனக்கு அந்தப் பேச்சு இருக்குதுங்களே அத்தைன்னு சொல்லிப்போட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டான்." இவ்வளவு சொல்லிவிட்டு அழுதாள். பல் வலியில் அழுதாளோ, உனக்காக அழுதாளோ, நான் கேட்கவில்லை. அன்றைக்கே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எட்டு நாள் ஆகிவிட்டது. நான்கு முறை கிழித்துப் போட்டேன்.

அந்தப் பேச்சு. பதினான்கு வருடமாக நம் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். நடந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் தெரியும். என் பக்கத்தை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகக் கேள்.

நம் ஊரில் கோடையில் பதினெட்டு நாள் பாரதம் படிப்பது என் அப்பா காலத்துக்கும் முந்திய வழக்கம். ஒரு நாளைக்கு ஒரு வீட்டு உபயம். அன்றைக்குப் பிரசங்கியாருக்குச் சாப்பாடு, கூட்டத்துக்குப் பானகம், எல்லாம் அந்த வீட்டுச் செலவு. அந்த வீட்டுக்காரன் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். நமக்கு வாய்த்தது இரண்டாம் நாள். சந்தனு மகாராஜா செம்படவர் பெண்மேல் ஆசைப்பட்டு, என் பெண் வயிற்றுப் பிள்ளைக்கே பட்டம் என்று அவள் தகப்பன் கேட்க, ராஜா வாயடைத்துத் திரும்பி வந்து அரண்மனையில் படுத்துக்கொள்கிற நாள். ராஜகுமாரன் காரணத்தைத் தெரிந்துகொண்டு தானே போய், பட்டம் வேண்டாம், என் பிள்ளைகள் வந்து கேட்காமலிருக்க எனக்குக் கல்யாணமும் வேண்டாம் என்று சத்தியம் செய்து பீஷ்மர் ஆகிற நாள். நீ ஐந்து வயதிலிருந்து அன்றைக்குப் பிரசங்கியார் பக்கத்தில் பூத்தட்டோடு உட்காருவாய். வானத்திலிருந்து பூமாரி பெய்தது என்று அவர் சொல்லும் இடத்தில் உதிரிப் பூவை அள்ளி மேலே வீசுவது உன் வேலை. அந்த இடம் எப்போது வரும் என்று கையில் பூவோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். உன் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துச் சிரிப்பாள். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு கதை. உனக்கு அது நம் வீட்டுச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

உன் அம்மா காய்ச்சலில் போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு ஏழு வருடம் நாம் இரண்டு பேரும்தான். நான் வைத்த புளிக்குழம்பை ஊரில் ஒரு நாய்கூடத் தொடாது. நீ ஒரு நாளாவது முகம் சுளித்தாயா? "இன்னைக்கு நல்லா இருக்குதுங்கப்பா" என்பாய். உப்பே போடாத நாளிலும் அப்படித்தான் சொன்னாய். எனக்குப் பிடிக்காததைச் சொல்லக் கூடாது என்று நீயாகவே பழகிக்கொண்டாய். நல்ல பிள்ளை, தங்கமான பிள்ளை என்று நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பெற்றவனிடம் இது வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் ஒரு பிள்ளை வளர்ந்தால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

எனக்கு நாற்பத்திரண்டு வயதில், உனக்குச் சின்னம்மாவாக வந்தவள்மேல் ஆசை வந்தது. மழுப்பாமல் சொல்கிறேன். வெற்றிலைக் கட்டு கொண்டு ஆறு தாண்டி அக்கரைச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அவளைப் பார்ப்பேன். அடுப்பு ஊத ஆள் வேண்டும், வீட்டுக்கு விளக்கேற்ற ஆள் வேண்டும் என்று மற்றவர்களிடம் சொன்னதெல்லாம் சாக்கு. நானே போய் அவள் அப்பாவிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "குடுக்கறதுக்கு என்னுங்க, தாராளமாக் குடுக்கலாம். ஆனா உங்களுக்குத் தோளுக்கு மேல ஒரு பையன் இருக்கறானே. எம்பட புள்ள வயித்துல பொறக்கறதுக்குத்தான் தோட்டம்னு எழுதிக் குடுங்க. நாளைக்கே தாலி கட்டிக்குங்க." என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் பரிசல்காரர் உன்னிடம் காரணத்தைச் சொன்னார். நீ யாரிடமும் கேட்காமல் அவர் பரிசலிலேயே அக்கரைக்குப் போனாய். தோட்டம் எனக்கு வேண்டாம் என்று அந்தப் பெரியவரிடம் சொன்னாய். அவர் விடவில்லை. "நீ வேண்டாம்பே சாமி. நாளைக்கு உனக்கொரு பொண்டாட்டி வருவா, புள்ளைங்க வரும். அதுங்க வந்து எங்க பங்கு எங்கேன்னு கேட்டா?" என்றாராம். அதற்கு நீ, "நான் கண்ணாலமே பண்ணிக்கலீங்க" என்றாயாம். பத்தொன்பது வயது உனக்கு. அந்த வயதில் கல்யாணம் வேண்டாம் என்று சொல்வதும் ஒன்றுதான், நிலாவுக்குப் போகிறேன் என்று சொல்வதும் ஒன்றுதான். அது என்ன என்றே உனக்குத் தெரியாது.

நீ திரும்பி வந்தபோது நான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தேன். "போயிட்டு வந்தனுங்கப்பா. நீங்க நாள் பாருங்க" என்றாய். என்ன சொன்னாய் என்று கேட்டேன். சொன்னாய். அந்த இடத்தில் உன் கன்னத்தில் ஓர் அறை விட்டு, இழுத்துக்கொண்டு போய் அந்தப் பேச்சை வாபஸ் வாங்க வைத்திருந்தால் நான் தகப்பன். நான் சொன்னது, "சரி, போய்ச் சோறுண்ணு சாமி." அவ்வளவுதான். நீ போன பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கிள்ளிய வெற்றிலையை அடுக்கியபடி எந்த மாதத்தில் முகூர்த்தம் இருக்கிறது என்று யோசித்தேன்.

கதையில் மகாராஜா மகனுக்கு, நீ விரும்பும்போதுதான் உனக்குச் சாவு என்று வரம் கொடுத்தார். நான் உனக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். நீ அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டாய்.

கல்யாணத்துக்குப் பிறகு ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. கிழவன் புதுப் பெண்டாட்டிக்காகப் பெற்ற பிள்ளையை வெறுங்கையாக்கிவிட்டான் என்று பேசினார்கள். கிணற்றடியில், கடையில், எல்லா இடத்திலும் நான் போனதும் பேச்சு நின்றது. எனக்கு முகம் காட்ட முடியவில்லை. அந்தக் கோடையில் நம் உபயத்தன்று காலையில் பிரசங்கியாருக்கு இலை போட்டுவிட்டு, என் மகனைப் பற்றி நானே சொன்னேன். மத்தியானம் அவர் கதையைப் பாதியில் நிறுத்தி, உன்னைக் கூப்பிட்டு, "இந்தக் கலியுகத்துல ஒரு பீஷ்மர் இந்த ஊர்ல பொறந்திருக்கறாரு" என்று சொல்லி எனக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தை உன் தலையில் கட்டினார். கூட்டம் எழுந்து நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். வேறொரு பையன் உன்மேல் பூவை அள்ளி வீசினான். நீ கூச்சத்தில் நெளிந்தாய். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்றோடு என்னைப் பற்றிய பேச்சு நின்றது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவன் என்று எனக்கும் மரியாதை கூடியது. நீ அக்கரையில் ஒரு கிழவரிடம் சொன்னது வெறும் பேச்சு. அதைச் சத்தியமாக்கிப் பூட்டுப் போட்டது நான்.

அதற்கப்புறம் வருடா வருடம் அதே நாளில் உனக்குப் பரிவட்டம். பதின்மூன்று முறை. கடையில் தீப்பெட்டி வாங்கப் போனாலும் "வாங்க பீஷ்மரே" என்றார்கள். பீஷ்மருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? உன் அத்தை ஒருத்திதான் துணிந்தாள். உனக்கு இருபத்திமூன்று வயதில் தன் மகளுக்காகத் தட்டு வரிசையோடு வந்தாள். "அறியாத வயசுல சொன்னதுங்கண்ணா, அதப் போயிப் புடிச்சுக்கிட்டு" என்றாள். அத்தை மகளை உனக்குப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவள் வந்தால் நீ காரணமில்லாமல் சமையல்கட்டுப் பக்கம் போய்த் தண்ணீர் குடிப்பாய். நான் தகப்பனாக முடிவு சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் நடுவில், "அவனையே கேளு" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். என் முகத்தில் என்ன இருந்தது என்று உனக்குத்தான் தெரியும். "வேண்டாமுங்க அத்தை" என்றாய். அந்தப் பெண்ணை ஆத்தூர்ப் பக்கம் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு நீதான் முன்னால் நின்று பந்தி விசாரித்தாய்.

உன் சின்னம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவளுக்கு முதலில் பிறந்த பையன் நான்கு வயதில் போய்ச் சேர்ந்தான். பிறகு இரண்டும் பெண். அவள் அப்பாவும் காலமானார். அவள் உன்னிடம் வந்து, "யாருக்காகச் சாமி இன்னும் அதப் புடிச்சுக்கிட்டு இருக்கறே? கேட்டவரே போயிட்டாரு" என்று சொன்னது எனக்குத் தெரியும். நீ மறுத்துவிட்டாய். அவள் என்னிடம் வந்து, நீங்கள் சொன்னால் கேட்பான் என்றாள். "அது அவன் பெருமை, அதுல நீ தலையிடாதே" என்று அதட்டினேன். உன் பெருமையாம். அதை உடம்பில் சுமந்தவன் நீ, ஊருக்குள் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான்.

போன வருடம் இரண்டாம் நாள் உன் பெயரைக் கூப்பிட்டபோது நீ இல்லை. காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு சேலத்துக்கு, நூல் டிப்போ வேலைக்குப் போய்விட்டிருந்தாய். பிரசங்கியார் பரிவட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து போய்த் தலையைக் காட்டினேன். உன்மேல் கோபம்கூட வந்தது. மானத்தை வாங்கிவிட்டானே என்று.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

அக்கரைப் பெரியவர் வீட்டிலிருந்து வெறும் கையோடு திரும்பிய அன்று, பரிசலில் நானும் பரிசல்காரரும்தான். நடு ஆற்றில் அவர் கேட்டார், என்ன ஆயிற்று என்று. எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "பையன் காதுல இது உழுகோணும். நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதே. நீயாச் சொல்ற மாதிரி சொல்லு" என்றேன். அவர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சின்னப் பையனுங்க" என்றார். "சொல்லு" என்றேன். நான் சாப்பிடாமல் இருந்த அந்த மூன்று நாளில் பாதி உண்மையான துக்கம். மீதிப் பாதி, நீ பார்க்க வேண்டும் என்பதற்காக. நீ தோட்டத்தை விட்டுக்கொடுப்பாய் என்று மட்டும்தான் கணக்குப் போட்டேன், கல்யாணத்தையும் சேர்த்து விடுவாய் என்று நினைக்கவில்லை. ஆனால் நீ விட்டபோது இரண்டையும் வாங்கிக்கொண்டேன். வருடா வருடம் பிரசங்கியார், தேர்ப்பாகன் மூலமாக ராஜகுமாரன் விஷயத்தைத் தெரிந்துகொண்டான் என்று ஒரே வரியில் தாண்டிப் போவார். அந்தத் தேர்ப்பாகனிடம் ராஜா என்ன சொல்லி வைத்திருந்தார் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஒரு வரியில் மட்டும் நான் குனிந்து துண்டைச் சரி செய்துகொள்வேன்.

பரிசல்காரர் போன மாசியில் இறந்துவிட்டார். நானும் போய்விட்டால் இதை அறிந்தவர் யாருமில்லை என்பதுதான் நேற்றுவரை நிலைமை. இதைச் சொல்லாமல் விடுவதுதான் உனக்கு நல்லதோ என்றும் எட்டு நாளாக யோசித்தேன். ஏனென்றால் உன்னிடம் வேறெதையும் நான் மிச்சம் வைக்கவில்லை. நானாக மனம் வந்து கொடுத்தேன் என்று நீ நினைக்கிற அந்த ஒன்றுதான் உனக்கு இருந்தது. அதையும் இப்போது பிடுங்குகிறேன். என்னை வெறுத்தாலும் சரி, நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீ காப்பாற்றி வருவது உன் சத்தியம் இல்லை. நான் உன்னை ஏமாற்றி வாங்கியது. ஏமாற்றி வாங்கியதைக் காப்பாற்ற வேண்டிய கடமை எந்தப் பிள்ளைக்கும் கிடையாது.

உன் சின்னம்மாவிடம் நேற்று காலை சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. "பதிமூணு வருசமா அந்தப் பையன் மூஞ்சியப் பாத்துச் சோறு போட்டனுங்களே" என்றாள். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறாள். அவள் பேசாமலிருப்பது நியாயம்தான்.

வருகிற வியாழக்கிழமை பாரதம் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை நம் உபயம். பிரசங்கியார் கதையை எடுக்கும் முன்பு நான் எழுந்து நின்று, இங்கே உனக்கு எழுதியதைக் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். பரிசல்காரரிடம் சொன்னதையும் சேர்த்துத்தான். நம்மிடமிருந்து உபயத்தை எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும். ஆனால் ஊர் கேட்பதற்கு முன்னால் நீ கேட்க வேண்டும் என்று இதை இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன். நீ அன்றைக்கு வர வேண்டாம். வந்தால் மறுபடியும் உன்னை வேடிக்கை பார்ப்பார்கள். தோட்டம் இனி யாருக்கு என்று இதில் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் இதுவும் ஒரு பேரமாகிவிடும்.

அந்த டீச்சரம்மாவைக் கட்டிக்கொள். அவர் புருஷனை இழந்தவர் என்று நம் ஜனங்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். பெண்டாட்டியை இழந்த நான் நாற்பத்திரண்டு வயதில் மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்கார்ந்தபோது எல்லோரும் வந்து விருந்து சாப்பிட்டவர்கள்தான். அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. அந்தப் பெண் குழந்தையைப் பற்றி ஒன்று சொல்கிறேன், எனக்குச் சொல்ல யோக்கியதை இல்லாவிட்டாலும். நாளைக்கு அவள் உனக்காக எதையாவது விட்டுக்கொடுக்க வந்தால் உடனே கை நீட்டிவிடாதே. உனக்கு அது வேண்டாமா கண்ணு என்று கேள். வேண்டாம் என்று சொன்னாலும் இன்னொரு முறை கேள். குழம்பில் உப்பில்லை என்று அவள் உன் முகத்துக்கு நேராகச் சொல்லும்படி வளர்த்துவிடு.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதினால் அதற்கும் நீ சரி என்று சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை. கல்யாணத்துக்கு உன் அத்தையையும் சின்னம்மாவையும் கூப்பிடு. என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். இந்த ஒரு விஷயத்திலாவது என் முகத்தைப் பார்க்காமல் முடிவு செய்.

இத்தனை வயதுவரை ஏன் கட்டிக்கொள்ளாமல் இருந்தீர்கள் என்று அந்த அம்மாள் ஒருநாள் கேட்பார். நீ வழக்கம்போல என்னை விட்டுக்கொடுக்காமல் ஏதாவது சொல்லப் பார்ப்பாய். வேண்டாம் சாமி. என்னைப் பற்றிச் சொல்லும்போது எதையும் குறைத்துச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா